வால்போலிச்செல்லாவும் அமரோனேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கே உள்ள வால்போலிச்செல்லா மலைச்சரிவுகளிலிருந்து நான்கு சிவப்பு ஒயின்கள் வருகின்றன. அவற்றில் அமரோனேயின் புகழ் மட்டும் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. மற்ற மூன்றையும் மக்கள் அதன் மலிவான தம்பிகளாகவே பார்க்கிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். வெளிநாட்டில் வாழும் நண்பர்கள், விருந்துக்குப் பாட்டில் வாங்கப் போகும் உறவினர்கள், ஒயின் படிப்பில் சேர்ந்திருக்கும் இளைஞர்கள் என யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வால்போலிச்செல்லா என்பது ஊரா, திராட்சையா, ஒயினா?

இடத்தின் பெயர். அங்கே செய்யப்படும் ஒயினுக்கும் அதே பெயர். அந்தப் பெயரில் திராட்சை வகை எதுவும் கிடையாது. வடகிழக்கு இத்தாலியின் வெனெட்டோ பகுதியில், மேற்கே கார்டா ஏரியும் வடக்கே லெசீனி மலைகளும் தெற்கே அடிஜே ஆறும் சூழ்ந்த பள்ளத்தாக்குகள் இவை. ஏரி குளிரைத் தணிக்கிறது. மலையிலிருந்து இறங்கும் இரவுக் காற்று திராட்சையின் புளிப்பைக் காக்கிறது. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். வெரோனாவில் ரோமானியர் கட்டிய அரேனா என்னும் வட்ட அரங்கின் இளஞ்சிவப்புக் கற்களும் இந்தப் பகுதிச் சுரங்கங்களிலிருந்து போனவைதான்.

நெக்ரார், மரானோ, ஃபுமானே, சான்த் அம்புரோஜோ, சான் பியெத்ரோ இன் கரியானோ ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்ததே பழைய எல்லை. அங்கே விளைந்தது என்றால் லேபிளில் 'கிளாசிகோ' என்று போட்டுக்கொள்ளலாம். 1968இல் அரசு முறைப்படி எல்லை வகுத்தபோது, கிழக்கே சோவாவே வெள்ளை ஒயின் விளையும் பகுதியைத் தொடும் அளவுக்கு அது விரிந்தது. நடுவிலுள்ள வால்பந்தேனா பள்ளத்தாக்குக்குத் தனிப் பெயர் உரிமை உண்டு.

நான்கு ஒயின் என்கிறீர்கள். எல்லாம் ஒரே திராட்சை என்றும் சொல்கிறார்கள். பிறகு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

திராட்சையை அறுத்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது. அறுத்த உடனே நசுக்கிப் புளிக்கவைத்தால் வால்போலிச்செல்லா. மூன்று நான்கு மாதம் உலரவைத்து, சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறும்வரை நொதிக்கவிட்டால் அமரோனே. அதே உலர்ந்த திராட்சையில் சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நொதித்தலை நிறுத்தினால் ரெச்சோட்டோ என்னும் இனிப்பு ஒயின். சாதாரண வால்போலிச்செல்லாவை எடுத்து, அமரோனே அல்லது ரெச்சோட்டோ வடித்த பிறகு மிஞ்சும் சக்கையின்மேல் மறுபடி ஊற்றி இரண்டாம் முறை நொதிக்கவிட்டால் ரிப்பாஸோ.

ஒரு விவசாயி தன் ஒரே தோட்டத்திலிருந்து இந்த நான்கையும் எடுக்க முடியும், பலர் எடுக்கிறார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

எந்தத் திராட்சை அது? கடையில் அந்தப் பெயர் எழுதிய பாட்டிலைப் பார்த்ததே இல்லையே?

முதன்மையானது கொர்வீனா. கலவையில் 45 முதல் 95 சதவீதம் வரை அது இருக்க வேண்டும் என்பது விதி. அதில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கொர்வினோனேயைச் சேர்த்துக்கொள்ளலாம். நீண்ட காலம் கொர்வீனாவின் ஒரு பெரிய வடிவம் என்றே நினைக்கப்பட்ட கொர்வினோனே உண்மையில் தனி வகை. ரொந்தினெல்லா 5 முதல் 30 சதவீதம். மரபணு ஆய்வின்படி அது கொர்வீனாவின் வாரிசு. முன்பு கட்டாயமாக இருந்த வெளிர்நிற மொலினாரா இப்போது கட்டாயமில்லை. அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்ட ஒசெலேத்தாவைச் சிலர் நிறத்துக்கும் துவர்ப்புக்கும் சிறிது சேர்க்கிறார்கள்.

கொர்வீனாவின் தோல் தடிப்பானது. அதனால் மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் எளிதில் அழுகாது. அதன் கொடியில் அடிப்பகுதி மொட்டுகள் காய்ப்பதில்லை. ஆகவே நீளமாகப் படரவிட வேண்டும். இதனால்தான் வெரோனா விவசாயிகள் தலைக்குமேல் பந்தல் போட்டு வளர்த்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. இன்று கம்பி வேலியில் நேராக ஏற்றும் முறையும் பரவியிருக்கிறது. ஆனாலும் கோடைகள் சுட்டெரிக்கும் இந்த ஆண்டுகளில், குலையின்மேல் இலைநிழல் விழும் பழைய பந்தலின் மதிப்பை மறுபடி உணர்ந்து வருகிறார்கள்.

திராட்சையை எப்படி உலர்த்துகிறார்கள்? வெயிலில் காயப்போடுவார்களா?

இல்லை. வெயில் பட்டால் கதை முடிந்தது. தோல் வெந்து, பழம் சமைத்த வாசனை வந்துவிடும். செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் கையால் அறுக்கும்போதே தேர்வு தொடங்குகிறது. பழங்கள் நெருக்கியடித்துக்கொண்டிராத, இடையில் காற்று புகக்கூடிய குலைகளையே உலர்த்துவதற்கு எடுப்பார்கள். ஒரு பழம் வெடித்திருந்தாலும் அதைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் வைக்கப்போகும் குலையில் ஒரு கெட்ட பழம் இருந்தால் பக்கத்திலுள்ளவையெல்லாம் போய்விடும்.

பிறகு அவற்றை 'ஃபுருத்தாயோ' என்று அழைக்கப்படும் காற்றோட்டமான மாடிக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஒரே அடுக்காகப் பரப்புகிறார்கள். பழைய நாளில் இதற்கு நாணல் தட்டுகளைப் பயன்படுத்தினார்கள். அந்தத் தட்டுகள் முதலில் பட்டுப்புழு வளர்ப்பதற்காக இருந்தவை. வெரோனா கிராமங்களில் வசந்தத்தில் பட்டுப்புழுவும் இலையுதிர்காலத்தில் திராட்சையும் அதே தட்டில் கிடந்தன. ஒரு கருவி இரண்டு பிழைப்புக்கு உதவிய அந்தச் சிக்கனம் என்னை எப்போதும் ஈர்க்கும். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் கூடைகளும் மரக் கூடைகளும்தான்; கழுவுவது எளிது, பூஞ்சை தங்காது.

உலர்வது காற்றாலும் குளிராலும். ஈரம் மிகுந்த நாள்களில் மின்விசிறி சுழலும். சிலர் ஈரம் உறிஞ்சும் கருவிகளும் வைத்திருக்கிறார்கள். எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை குறைந்த பிறகே நசுக்குவார்கள். அமரோனேக்கான திராட்சையை டிசம்பர் 1க்கு முன்னால் நசுக்கக்கூடாது என்பது பொது விதி. பலர் ஜனவரி வரை காத்திருக்கிறார்கள்.

உலர்த்தினால் தண்ணீர் போகும், சர்க்கரை கூடும். அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் என்றால் சாறைக் காய்ச்சிச் சுண்டவைத்தாலே போதுமே. அறுத்த பிறகும் பழத்தின் செல்கள் சிறிது காலம் உயிரோடு இருக்கின்றன. நீர் குறையும் நெருக்கடிக்கு எதிர்வினையாக அவை புதிய சேர்மங்களை உருவாக்குகின்றன. ஏற்கெனவே இருப்பவற்றை மாற்றுகின்றன. புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தில் ஒரு பகுதி சிதைகிறது, வாசனைகள் மாறுகின்றன. கொர்வீனாவை உலர்த்தும்போது ரெஸ்வெராட்ரால் என்னும் திராட்சைத்தோல் சேர்மம் கூடுவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

போட்ரைட்டிஸ் என்னும் பூஞ்சை கொஞ்சமாகப் பிடிப்பதைச் சிலர் விரும்புகிறார்கள். ஒயினுக்கு வழவழப்பைத் தரும் கிளிசரால் அதனால் கூடும். வேறு சிலர் ஒரு துளிகூட வரக்கூடாது என்று கூடத்தைக் காவல் காக்கிறார்கள், பழத்தின் தூய வாசனையை அது மறைத்துவிடும் என்பதால். நான் இரண்டாவது கட்சி.

சர்க்கரை அவ்வளவு கூடினால் அமரோனே இனிப்பாக அல்லவா இருக்க வேண்டும்?

ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் ஆல்கஹால் அளவு இவ்வளவு உயர்கிறது. சட்டப்படி குறைந்தது 14 சதவீதம். கடையில் காண்பது பெரும்பாலும் 15 முதல் 17. நடுக்குளிர்காலத்தில், அடர்ந்த சாற்றில், ஆல்கஹால் ஏறிக்கொண்டே போக ஈஸ்ட் தடுமாறும். நொதித்தல் ஒரு மாதத்துக்கும் மேல் நீள்வது சாதாரணம்.

முற்றிலும் இனிப்பற்றதாக முடிவது அரிது. 14 சதவீத ஆல்கஹால் உள்ள அமரோனேயில் லிட்டருக்கு 9 கிராம் வரை சர்க்கரை மிஞ்சலாம். ஆல்கஹால் கூடினால் இந்த வரம்பும் சற்று உயரும். அத்துடன் கிளிசராலும் முதிர்ந்த பழவாசனையும் சேர்ந்து, உண்மையில் இருப்பதைவிட அதிக இனிப்பு இருப்பதாக நாக்குக்குத் தோன்றும். விழுங்கிய பிறகு வரும் மெல்லிய கசப்பு அதைச் சமன்செய்ய வேண்டும். அந்தக் கசப்பு இல்லாமல் ஜாம் போல நிற்கும் அமரோனேயை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, என்ன விலை போட்டிருந்தாலும்.

அமரோனே ஒரு தவறால் பிறந்தது என்று படித்தேன். உண்மையா?

சொல்லப்படும் கதை இது: 1936இல் நெக்ராரின் கூட்டுறவு ஒயின் ஆலையில் ரெச்சோட்டோ இருந்த ஒரு பீப்பாயைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். நொதித்தல் நிற்காமல் தொடர்ந்து சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிட்டது. பொறுப்பாளர் அதெலினோ லுக்கேசே அதைச் சுவைத்துப் பார்த்து, வெறும் கசப்பு அல்ல, பெருங்கசப்பு என்ற பொருளில் அமரோனே என்றார். பெயர் வந்த விதத்தைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். ஆனால் ஒயின் அன்றுதான் பிறந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். ரெச்சோட்டோ செய்யும் எந்தப் பாதாள அறையிலும் சில பீப்பாய்கள் நொதித்துக்கொண்டே போய் இனிப்பை இழந்திருக்கும். நீண்ட காலம் அதைக் கெட்டுப்போன ரெச்சோட்டோவாகப் பார்த்தார்கள். மக்களின் சுவை இனிப்பிலிருந்து விலகிய பிறகுதான் அது தனிச் சிறப்பு பெற்றது.

உலர்த்தும் பழக்கமோ மிகப் பழையது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியை ஆண்ட ஆஸ்ட்ரோகோத் அரசவையின் உயர் அதிகாரி காசியோடோரஸ், அரச பந்திக்காக வெரோனாவின் 'அசினாட்டிகம்' ஒயினைக் கொள்முதல் செய்யும்படி எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. இலையுதிர்காலத்தில் தேர்ந்தெடுத்த குலைகளை வைத்திருந்து, குளிர்காலத்தில் பிழிவது பற்றி அதில் விவரமாகவே எழுதியிருக்கிறார். அவர் போற்றியது இனிப்பு ஒயினை. அதாவது ரெச்சோட்டோவின் முன்னோரை. குடும்பத்தில் மூத்தது ரெச்சோட்டோ, இளையது அமரோனே.

அமரோனே பெரிய அளவில் பாட்டிலில் விற்பனைக்கு வந்தது 1950களுக்குப் பிறகுதான். 1968இல் கிடைத்த சட்டப் பெயரில்கூட அது ரெச்சோட்டோவின் ஒரு வகையாகவே இருந்தது. 1990இல் தனிப்பெயர் கிடைத்தது. 2010இல் இரண்டும் இத்தாலியின் உயர் தரப் பிரிவான டி.ஓ.சி.ஜி.க்கு ஏறின.

தாந்தேயின் வம்சம் இன்னும் அங்கே ஒயின் செய்கிறதாமே?

ஆம். ஃபிளாரன்ஸிலிருந்து நாடுகடத்தப்பட்ட கவிஞர் தாந்தேக்கு வெரோனா அடைக்கலம் கொடுத்தது. அவருடைய மகன் பியெத்ரோ 1353இல் வால்போலிச்செல்லாவின் கர்கன்யாகோவில் நிலம் வாங்கினார். பின்னாளில் ஆண் வாரிசு அற்றுப்போக, பெண்வழியில் செரேகோ அலிகியேரி என்ற பெயருடன் வம்சம் தொடர்ந்தது. அந்த நிலம் இன்றும் அவர்களிடமே இருக்கிறது.

ஒவ்வொன்றும் வாயில் எப்படி இருக்கும்? கடைக்காரர் சொல்வது எதுவும் புரியவில்லை.

வால்போலிச்செல்லா வெளிர்ச் சிவப்பு. முகர்ந்தால் புளிப்புச் செர்ரி, கொஞ்சம் மிளகு. வாயில் புளிப்பு முன்னால் நிற்கும், துவர்ப்பு குறைவு, கடைசியில் பாதாம் தோலின் இலேசான கசப்பு. ஒரு கிளாஸ் குடித்தால் பசி எடுக்கும். ரிப்பாஸோ அதைவிடக் கருமை; செர்ரி இப்போது பழுத்துப் பிளம் பக்கம் சாய்ந்திருக்கும், வாயில் உருண்டையான நிறைவு இருக்கும்.

அமரோனேயில் உலர்ந்த செர்ரி, அத்தி, கோகோ, புகையிலை. நாக்கில் கனமாக உட்காரும். தொண்டையில் இளஞ்சூடு இறங்கும். ஆனால் நல்ல அமரோனேயில் கொர்வீனாவின் புளிப்பு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அது இருக்கும்வரை கனம் சுமையாகாது. ரெச்சோட்டோவிலும் இதே வாசனைகள்தான், இனிப்போடு. அங்கேயும் காப்பாற்றுவது அந்தப் புளிப்புதான்.

ரிப்பாஸோவை 'குட்டி அமரோனே' என்கிறார்கள். காசு குறைவாக இருந்தால் அதை வாங்கினால் போதுமா?

குட்டி அமரோனே என்று நினைத்து வாங்காதீர்கள். அது சற்று உடல் பெற்ற வால்போலிச்செல்லா. அமரோனே வடித்த சக்கையில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதன்மேல் ஒயினை ஊற்றினால் நொதித்தல் மீண்டும் தொடங்கும்; ஆல்கஹால் சிறிது கூடும், நிறமும் துவர்ப்பும் ஏறும். எதையும் வீணாக்காத கிராமத்து வழக்கம் இது. 1964ஆம் ஆண்டு விளைச்சலில் மாசி என்ற ஒயின் நிறுவனம் காம்போஃபியோரின் என்ற பெயரில் செய்த ஒயின் இந்த முறையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. 2010இல் ரிப்பாஸோவுக்கும் தனிச் சட்டப் பெயர் கிடைத்தது.

வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. ஒரு லிட்டர் அமரோனே செய்தால் இரண்டு லிட்டர் ரிப்பாஸோ செய்யலாம் என்று சட்டம் அனுமதிப்பதால், நல்ல திராட்சையெல்லாம் இந்த இரண்டுக்கும் போய், சாதாரண வால்போலிச்செல்லா ஒதுக்கப்பட்ட பிள்ளையாகிவிட்டது. கையில் காசு குறைவு என்றால் நான் சொல்வது இதுதான்: அக்கறையோடு செய்யும் ஒருவரின் வால்போலிச்செல்லாவை வாங்குங்கள். 'சூப்பீரியோரே' என்று எழுதியிருந்தால் ஓராண்டாவது முதிர்ந்தது. இந்த மண் எப்படிப் பேசுகிறது என்பதை உலர்த்தலின் திரையில்லாமல் கேட்கலாம்.

அமரோனே விலை ஏன் இவ்வளவு? பெயருக்காகத்தானே?

பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். சாதாரண ஒயினுக்கு 100 கிலோ திராட்சையிலிருந்து 70 லிட்டர்வரை எடுக்கலாம். அமரோனேக்கு 40 லிட்டர்தான் உச்சவரம்பு. அதாவது 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கிலோ பழம், அதுவும் பொறுக்கி எடுத்தது. மேலே உலர்த்தல் பற்றிச் சொன்ன கூடம், கையால் செய்யும் வேலை, அழுகலால் வரும் நட்டம் எல்லாம் இதில் சேரும். அறுவடைக்கு அடுத்த ஜனவரி 1 முதல் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ந்த பிறகே விற்கலாம். 'ரிசெர்வா' என்றால் அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் நான்கு. பலர் அதற்கும் மேல் பெரிய ஓக் பீப்பாய்களில் வைத்திருக்கிறார்கள். அத்தனை ஆண்டும் பணம் பாதாள அறையில் முடங்கிக் கிடக்கிறது.

ஆகவே மிக மலிவான அமரோனேயைப் பார்த்தால் மகிழ வேண்டாம். இந்தச் செலவுகளில் எதை மிச்சப்படுத்தினார்கள் என்று யோசியுங்கள்.

அமரோனேயுடன் என்ன சாப்பிடலாம்?

வெரோனாவில் முதலில் சொல்வது அமரோனே ரிசொட்டோ. இசோலா தெல்லா ஸ்காலா வட்டாரத்தில் விளையும் வியலோனே நானோ என்னும் குட்டை அரிசியை வெண்ணெயில் வறுத்து, அமரோனே ஊற்றி, கொதிக்கும் சூப்புச் சாறு சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைய விடுவார்கள். இறுதியில் லெசீனி மலைப் பாலாடைக்கட்டியான மோந்தே வெரோனேசே. ஊதா நிறத்தில் தட்டுக்கு வரும். ஒயினின் கசப்பும் பாலின் கொழுப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, மணிக்கணக்கில் வேகவைத்த இறைச்சி: ஒயினில் வெந்த மாட்டுக்கறி, காட்டுப்பன்றி, மான். வெரோனாவின் பழைய உணவு குதிரை இறைச்சியை வெங்காயத்தோடும் கிராம்பு, பட்டையோடும் ஒயினில் வேகவைக்கும் பாஸ்திசாதா. கி.பி. 489இல் ஆஸ்ட்ரோகோத் மன்னர் தியோடோரிக்கும் அப்போது இத்தாலியை ஆண்ட ஒடோவாகரும் வெரோனாவில் மோதியபோது மாண்ட குதிரைகளை வீணாக்காமல் சமைத்ததில் பிறந்தது என்று ஊரார் சொல்வார்கள். அது ஐதீகம், நறுமணப் பொருள்களோடு அமரோனே பொருந்துவது மட்டும் நாக்கு அறிந்த உண்மை.

என் விருப்பம் இரண்டுமல்ல. நன்கு முதிர்ந்த மோந்தே வெரோனேசே அல்லது கிரானா பதானோ ஒரு துண்டு, சில வாதுமைக்கொட்டைகள், சாப்பாடு முடிந்த பிறகு சிறிய கிளாஸில் அமரோனே. இத்தாலியர்கள் இதைச் சாப்பாட்டு ஒயின் என்பதைவிட, பேசிக்கொண்டே மெல்லப் பருகும் ஒயினாகவே நினைக்கிறார்கள். பந்தியின் தொடக்கத்தில் இதைத் திறந்தால் பின்னால் வரும் எதுவும் எடுபடாது.

அப்படியானால் மற்ற உணவுகளுக்கு எது?

ஊர்க்காரர்களின் வழக்கத்தைப் பின்பற்றுங்கள். கோழி ஈரலோடு சூப்பில் வரும் மெல்லிய தாலியத்தெல்லே பாஸ்தா, சோப்ரெஸ்ஸா என்னும் பன்றிக்கறிச் சலாமி, மக்காச்சோளக் களியான பொலெந்தா, பீன்ஸும் பாஸ்தாவும் சேர்ந்த சூப் ஆகியவற்றோடு வால்போலிச்செல்லா. தக்காளி சேர்ந்த உணவுக்கும் அதுவே. தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்க ஒயினிலும் புளிப்பு வேண்டும்.

வாத்துக்கறிக் குழம்பு போட்ட தடித்த பிகோலி பாஸ்தாவுக்கு ரிப்பாஸோ நல்ல துணை. வெரோனாவின் ஞாயிற்றுக்கிழமை உணவான வேகவைத்த இறைச்சிக்கும் அதைத்தான் எடுப்பேன். அந்த இறைச்சியோடு பெயாரா என்ற சாஸ் வரும்: ரொட்டித்தூள், எலும்பு மஜ்ஜை, நிறைய மிளகு. அந்த மிளகுக்கு வால்போலிச்செல்லா மெலிந்துவிடும், அமரோனே முரண்டுபிடிக்கும்.

நான் சைவம். எனக்கு ஏதாவது மிஞ்சுமா?

நிறையவே. காளான் ரிசொட்டோ, வெரோனாவின் சிவப்பு ரதிக்கியோ கீரையைச் சுட்டுப் பொலெந்தாவோடு வைப்பது, கத்தரிக்காய், பூசணி, முன்பு சொன்ன பீன்ஸ் சூப்பை இறைச்சி சேர்க்காமல் செய்வது என எல்லாமே பொருந்தும். ரதிக்கியோவின் கசப்பும் கொர்வீனாவின் கசப்பும் சேர்ந்தால் இரண்டுமே தணியும். இத்தாலியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்று நொதியைப் பயன்படுத்துகிறார்கள். கிரானா பதானோவும் அப்படியே. அதைத் தவிர்ப்பவர்கள் தாவர நொதியில் செய்த பாலாடைக்கட்டியைத் தேடுங்கள்.

ஒயினும் எப்போதும் சைவம் என்று சொல்ல முடியாது. தெளியவைப்பதற்கு முட்டையின் வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீன் பசை போன்றவற்றைச் சேர்த்துப் பின் வடித்துவிடும் வழக்கம் உண்டு. 2023 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒயினின் சேர்மானப் பட்டியல் பாட்டிலிலோ கியூ.ஆர். குறியீட்டிலோ இருக்க வேண்டும். ஆனால் ஜெலட்டினும் மீன் பசையும் அதில் வராமல் போகலாம். வீகன் முத்திரை இருந்தால் சந்தேகமில்லை.

காரமான சாப்பாட்டோடு அமரோனே குடிக்கலாமா?

வேண்டாம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் பெருக்கிவிடும். 16 சதவீத ஒயின் அந்த நெருப்பில் எண்ணெய். உங்களுக்கு ஒயினும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. குறைந்த ஆல்கஹாலும் குறைந்த துவர்ப்பும் உள்ள சாதாரண வால்போலிச்செல்லாவைச் சற்றுக் குளிர்வித்துக் குடித்துப் பாருங்கள். கிராம்பு, பட்டை, மிளகு முன்னால் நிற்கும், மிளகாய் குறைந்த இறைச்சி வறுவலுக்கு ரிப்பாஸோ ஒத்துப்போகும்.

ரெச்சோட்டோவைக் குலாப் ஜாமூனோடு கொடுக்கலாமா?

ஒயினைவிட இனிப்பான பண்டத்தோடு கொடுத்தால் ஒயின் புளித்த தண்ணீராகத் தோன்றும். பாகில் ஊறியவை எல்லாம் அந்த வகை. வெரோனாவில் பாந்தோரோ என்னும் வெண்ணெய் மணக்கும் நட்சத்திர வடிவக் கேக்கோடு கொடுக்கிறார்கள். அது மிதமான இனிப்பு. இனிப்பு குறைந்த கறுப்புச் சாக்லெட் இன்னும் நன்று. செர்ரியும் கோகோவும் ஒட்டிக்கொள்ளும். நீலப் பூஞ்சை ஓடிய கொர்கொன்சோலா பாலாடைக்கட்டியின் உப்போடு வைத்தால், இனிப்பு ஒயின் எதற்கு என்று கேட்பவர்களே கிளாஸை நீட்டுவார்கள்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்கிறார்களே?

அந்த அறை பழைய ஐரோப்பியக் கல் வீடு. 30 டிகிரி அறையில் வைத்த அமரோனேயை முகர்ந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அமரோனேக்கும் ரிப்பாஸோவுக்கும் 16 முதல் 18 டிகிரி, வால்போலிச்செல்லாவுக்கு 14ஐ ஒட்டி, ரெச்சோட்டோவுக்கு அதைவிடச் சிறிது குறைவு. வெப்பமான ஊரில் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து எடுங்கள். இளம் அமரோனேயை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே ஜாடியில் ஊற்றி வைத்தால் இறுக்கம் தளரும். மிகப் பழையதை அப்படிக் காற்றில் விட வேண்டாம். வண்டலை மட்டும் விலக்கி ஊற்றினால் போதும்.

பரிசாக வந்த அமரோனே. எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

நல்லதென்றால் அறுவடையிலிருந்து 10 முதல் 20 ஆண்டு தாராளமாகத் தாங்கும். ஆனால் அது இருட்டும் சீரான குளிரும் உள்ள இடத்தில். சமையலறை அலமாரியில் அப்படி வைக்க முடியாது. அத்தகைய இடம் இல்லையென்றால் இந்த ஆண்டே திறந்துவிடுங்கள். வால்போலிச்செல்லாவை இளமையிலேயே குடித்துவிட வேண்டும். ரிப்பாஸோ ஐந்தாறு ஆண்டு நிற்கும்.

ஆண்டையும் பாருங்கள். 2014 மழை மிகுந்த ஆண்டு. உலர்த்தத் தகுந்த குலைகள் இல்லையென்று பலர் அமரோனேயே செய்யவில்லை. வருமானத்தை விட்டுக்கொடுத்து அப்படி முடிவெடுத்தவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்களின் மற்ற ஆண்டுகளை நம்பி வாங்கலாம்.

ரெஸ்வெராட்ரால் அதிகம் என்று நீங்களே சொன்னீர்கள். இதயத்துக்கு நல்லதுதானே?

உலரும் பழத்தில் அது கூடுகிறது என்றுதான் சொன்னேன். மருந்தாகப் பயன்படும் அளவு ஒரு கிளாஸில் கிடையாது. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. உடல்நலத்துக்காக யாரும் ஒயினைத் தொடங்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் முக்கியம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் 18 மில்லி ஆல்கஹால். 16 சதவீத அமரோனேயில் அதே அளவுக்கு 24 மில்லி. கிளாஸ் ஒன்றே போல இருக்கும், உள்ளே போவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆகவே 100 மில்லிக்குமேல் ஊற்றாதீர்கள். குடித்தால் வண்டி ஓட்டாதீர்கள்.

லேபிளில் 'அப்பாசிமென்தோ' என்று பெரிதாகப் போட்டு, பாதி விலைக்கும் குறைவாக விற்கிறார்கள். அதுவும் அமரோனேதானா?

இல்லை. அந்தச் சொல் உலர்த்தும் முறையைக் குறிப்பது. இத்தாலியில் எங்கும் யாரும் செய்யலாம். தெற்கு இத்தாலியின் புலியாவிலும் சிசிலியிலும் வேறு திராட்சைகளைச் சில வாரம் மட்டும் உலரவைத்து, அல்லது உலர்ந்ததைக் கொஞ்சம் கலந்து, இப்படி விற்கிறார்கள். சில குடிக்க இனிமையாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றில் கொர்வீனாவின் புளிப்பும் கசப்பும் இருக்காது. சர்க்கரை பெரும்பாலும் தூக்கலாக இருக்கும்.

உண்மையான பாட்டிலில் 'அமரோனே தெல்லா வால்போலிச்செல்லா' என்ற முழுப்பெயரும், டி.ஓ.சி.ஜி. என்ற குறிப்பும், கழுத்திலோ மூடியிலோ எண்ணிட்ட அரசு முத்திரைத் தாளும் இருக்கும். அறுவடை ஆண்டும் கட்டாயம். அதன்பிறகு பின்பக்கத்தில், பாட்டிலில் அடைத்தவரின் பெயரைத் தேடுங்கள். திராட்சையை விளைவித்தவரே ஒயினையும் செய்து அடைத்திருந்தால் அதை அங்கே எழுதியிருப்பார். அப்படிப்பட்டவரின் அமரோனே உங்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தால், அதே அலமாரியில் அவருடைய வால்போலிச்செல்லா இருக்கிறதா என்று கேளுங்கள்.